அப்பாவின் நெற்றி

நம்பிராஜனுக்கு இருபத்தைந்து வயதில் முடி கொட்டத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே நெற்றி உச்சிவரை ஏறிவிட்டது.

மலையடிவாரத்து மடம் ஒன்றில் தங்கி, குருவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். மடத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தான். தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பான். தியானத்துக்கு உட்காரும்போதும் அவிழ்க்க மாட்டான். அதைப் பற்றி குரு ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். குறைவாகத்தான் பேசுவார்.

ஒரு காலையில் நம்பியே அவர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

“சாமி, ஒன்று கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது.”

“கேள்.”

துண்டை எடுத்தான். குரு பார்த்தார். சிரிக்கவில்லை.

“திருநெல்வேலியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நட்டுவிடலாம் என்கிறார். வளர்ந்து தெரிய ஒரு வருஷம் ஆகுமாம். மருந்து தடவினால் இருப்பது நிற்கலாம், நிற்காமலும் போகலாம். விக் வைத்தால் அன்றைக்கே பழைய தலை. மொட்டை போட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. நான் எதைச் செய்வது?”

“யார் பார்க்க?”

நம்பி துண்டை மடித்து மடியில் வைத்தான்.

“அம்மா பார்க்க.”

அவன் அம்மா ஆவுடையம்மாள் ஊரில் அக்கா கோமதியோடு இருந்தாள். சின்ன வயதில் நம்பிக்குச் சுருட்டை முடி. உள்ளே போன சீப்பு லேசில் வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனைப் பிடித்து உட்காரவைத்து, திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிடுவாள். முடி கொட்டிய பிறகு பெண் பார்க்கப் போன வீட்டில் ஒருவர், “நீங்க மாப்பிள்ளைக்கு அண்ணனா?” என்று அவனிடமே கேட்டுவிட்டார். அதோடு அவன் ஊர்ப்பக்கம் போவதை நிறுத்தினான். இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது. இதற்கிடையில் அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. நம்பிக்கு வெட்கம் போய்ப் பயம் வந்தது.

“அக்காவையே சில நாள் யார் என்று கேட்கிறாளாம். இந்தத் தலையோடு போய் நின்றால் என்னை எப்படித் தெரியும், சாமி?”

குரு எழுந்தார். கொடியில் கிடந்த வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எங்கே சாமி?”

“உன் ஊருக்கு. பஸ் எத்தனை மணிக்கு?”

வழியில் நம்பி ஒரு விக் வாங்கினான். சுருட்டை முடிதான். கடைக் கண்ணாடியில் பழைய நம்பி நின்றான். அவனுக்கே கண் கலங்கிவிட்டது. குரு வெளியே காத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த கோமதி, “வந்துட்டியாலே தம்பி” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கட்டிலில் கிடந்தாள். கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்குவதில்லை. நம்பி குனிந்து முகத்தைக் காட்டினான்.

“அம்மா, நான் நம்பி.”

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

“எந்த ஊரு தம்பி? வெயில்ல வந்திருக்கிய. யாராவது பிள்ளைக்கு மோர் குடுங்க.”

நம்பி கொல்லைப்பக்கம் போனான். உச்சி வெயிலில் விக்குக்குள் தலை வெந்தது. கழற்றித் துவைக்கிற கல்மேல் போட்டான். குழாயைத் திறந்து தலையை நீட்டினான். அழுகையும் தண்ணீரோடு போயிற்று.

ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே வந்தான். அம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“வந்துட்டியளா? எங்க போயிட்டிய இம்புட்டு நேரம்?”

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இறந்து பல வருஷம் ஆயிற்று. அதே ஏறிய நெற்றி. காதோரம் மட்டும் மிஞ்சிய அதே முடி. சுவரில் மாலைக்குள் இருந்தவர் இறங்கி வந்து நிற்பது போலிருந்தது.

“குடிக்கத் தண்ணி தாங்க,” என்றாள் அம்மா. “நாக்கு வறளுது.”

நம்பி வாசலுக்கு ஓடி வந்தான். குரு படியில் உட்கார்ந்திருந்தார்.

“சாமி, அவளுக்கு மகனைத் தெரியவில்லை. என்னை அப்பா என்று நினைக்கிறாள். நான் அப்பா இல்லை, உன் பிள்ளை என்று சொல்வதா? செத்துப்போனவராக நடிப்பதா? எது சரி?”

“அம்மா என்ன கேட்டார்கள்?”

“தண்ணீர்.”

“கொடுத்தாயா?”

நம்பி உள்ளே ஓடினான்.

அதன்பின் அவன் விக்கைத் தொடவில்லை. குருவும் மடத்துக்குத் திரும்பவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். அழுக்குத் துணியை அலசிப் போட்டார். நம்பி ஊட்டினான். பாதத்தைப் பிடித்துவிடப் போனால் அம்மா பதறுவாள். “நீங்க போயி என் காலைத் தொடலாமா?” என்று வெட்கப்படுவாள். மகன் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. மகன் கேட்கக் கூடாத பேச்சும் சில சமயம் வரும். அப்போது நம்பி தலையைக் குனிந்துகொள்வான்.

ஒரு மாலை அவள் சொன்னாள்:

“நம்பி வரல, பாத்தியளா?”

“வருவான்.”

“அவனுக்கு எதுக்கோ கூச்சம். என்னமோ மறைக்கான். சின்னதுலயே அப்படித்தான். முழங்கால்ல சிராய்ச்சாக்கூட காட்ட மாட்டான். வீட்டுக்கு வராம எங்கியாவது போயி உக்காந்துக்கிடுவான்.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் கையைப் பற்றினாள்.

“நான் இருக்கேனோ இல்லையோ. ஏன் இம்புட்டு நாளா வரலன்னு அவன ஏசிராதிய. வந்தா முதல்ல சோத்தப் போடுங்க.”

“சரி.”

“சொல்லுங்க.”

“ஏச மாட்டேன்,” என்றான் நம்பி.

விடிந்தபோது அவள் இல்லை.

மிச்சமிருந்த முடியும் ஆற்றங்கரை மயானத்தில் போயிற்று. கத்தி பட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. முடி நட எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டு டாக்டரிடமிருந்து போன் வந்தது. யாருக்கோ வந்த போன்போல அதைக் கேட்டுவிட்டு வைத்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. கோமதி இலை போட்டுக் காத்திருந்தாள். நம்பி குளித்துவிட்டு வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரைப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். குரு போய் அருகில் உட்கார்ந்தார்.

“அவளுக்கு என்னைத் தெரிந்த காலத்தில் நான் வரவில்லை, சாமி. வந்தபோது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. பக்கத்திலேயே நான் இருக்க, மகன் வரவில்லையே என்று ஏங்கிப் போனாள். தலையில் நாலு முடி இல்லை என்பதற்காக, பெற்றவளை விட்டுவிட்டு இருந்தவன் நான். நானெல்லாம் ஒரு பிள்ளையா? எனக்கெல்லாம் சோறு ஒரு கேடா?”

குரு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவிடம் கடைசியாக என்ன சொன்னாய்?”

“ஏச மாட்டேன் என்று.”

“யாரை?”

“நம்பியை,” என்றான்.

குரு எழுந்து கையை நீட்டினார்.

“வா. முதலில் சாப்பிடு.”