எங்கேடி போறே?

இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டிவிட்டு, நடுவில் இருப்பவளுக்கென்று ஒரு தனி வாசல் வைக்காமல் போனீரே ஐயா, கட்டும்போது உமக்குக் கண் எங்கே போயிற்று? உம்மால்தான் இத்தனை வம்பும்.

அணுக்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மூலக்கூற்றில் கார்பன் என்கிற கரியணு மாமாவும் ஆக்சிஜன் அத்தையும் ஒட்டிக் குடியிருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஓடியாடிக்கொண்டிருந்தாள் மின்னி என்ற எலக்ட்ரான். மாமா "இங்கே வா" என்பார். அத்தை உடனே "அங்கே என்னடி வேலை?" என்பாள். மின்னிக்கு வெறுத்துப்போயிற்று.

அப்போதெல்லாம் ஒளி தொட்டதும் எலக்ட்ரான் போய்விடும். தாமதம் என்ற பேச்சே கிடையாது.

ஒளி வந்தது.

"வர்றியா? என் அலையோட சரிவிலே இடம் இருக்கு."

"சரிவா? பக்கத்திலேயே தள்ளிவிட்டுடுவே. உச்சியிலே இடம் கொடு. இல்லேன்னா நீ போ, வேற ஒளி வரட்டும்."

ஒளி முறைத்தது. மின்னி அசையவில்லை.

"சரி, தொலை. உச்சி உனக்கு. ஆனா நிக்க மாட்டேன். தொட்டதும் குதிச்சுடணும்."

உச்சி கிடைத்தால் இந்த இருவர் குரலும் எட்டாத தூரம் போகலாம். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஒளி தொட்டது. மின்னி பாய்ந்தாள். அத்தை வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஒரு காலை வெளியே வைத்தாள்.

"எங்கேடி போறே?"

கிளம்புகிறவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது! கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"அத்தே, உன் வாயிலே மண்ணு விழ! இப்பவா கேப்பே?"

"கேட்டா என்னடி குத்தம்? தண்ணி குடிச்சுட்டுப் போ."

"தண்ணிக்கு எங்கே போவேன்? ஹைட்ரஜன் எட்டிக்கூடப் பார்க்காத வீடு இது!"

"சும்மாவாச்சும் உட்கார்ந்துட்டுப் போம்மா" என்றார் மாமா.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், பாய்ந்தாள். இமைப்பொழுதைக் கோடி கோடியாக நறுக்கினால் விழுமே, அப்படியொரு துணுக்கு நேரம்தான். அதற்குள் உச்சி கடந்துபோயிருந்தது. சரிவுதான் மிச்சம். அது தள்ளிய இடத்தில் போய் விழுந்தாள். அங்கேயும் அத்தையின் குரல் கேட்டது.

அன்று முதல்தான், ஒளி பட்ட மூலக்கூற்றைவிட்டு எந்த எலக்ட்ரானும் சட்டென்று கிளம்புவதில்லை. எந்த வாசல் பக்கம் போகிறதோ, அதற்கேற்பத் துளி நேரம் தங்கித்தான் போகிறது. அந்தத் தாமதத்தை விஞ்ஞானிகள் அளந்து அளந்து பார்க்கிறார்கள். அளந்தால் ஆயிற்றா? மூலக்கூற்றைக் கட்டினவரே, நீர் வாரும்! வந்து, அத்தை கண்ணில் படாத பக்கமாக ஒரு வழியை உடைத்துவிட்டுப் போம்!