தளவாய் வரைந்த திடல்

மருதங்கோட்டை அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் இளவரசன் ஊஞ்சலிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். கொஞ்சம் அழுதான், மறந்துவிட்டான். அவன் அப்பா குமாரவீர ராஜாவால்தான் மறக்க முடியவில்லை.

"புதுத் திடல் அமையுங்கள்! ஒரு பிள்ளைக்கும் அடிபடக் கூடாது. ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் என் உப்பரிகை வரை கேட்க வேண்டும். திறப்பு நாளில் இதில் ஒன்று தவறினாலும் திடலே கிடையாது. அங்கே குதிரை லாயம்தான்!"

லாயம் என்றதும் தளவாய் வன்னியமுத்துவுக்கு வாயெல்லாம் பல். தன் படைக் குதிரைகளைக் கட்ட அந்த இடத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். "நானே வரைந்து தருகிறேன், மகாராஜா" என்று முந்திக்கொண்டார்.

வரைந்தாரே ஒரு படம்! வகுப்பு வாசலுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நட்டநடுவே ஊஞ்சல்கள். அடியில் வழவழவென்று கருங்கல் தளம். சறுக்குமரம் இறங்கும் இடத்தில் மதில் சுவர். மணி அடித்தால் பிள்ளைகள் தாகத்தோடு எங்கே ஓடும்? நேரே ஆடுகிற பலகைக்குள்தான். பாவி மனுஷன், தெரிந்தேதான் செய்தார்.

ராஜாவுக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? "அடடா, கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறதே!" என்றார்.

சபையின் விகடகவி தாண்டவராயர் படத்தை எட்டிப் பார்த்தார். தளவாயின் சூது அவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனாலும் பலமாகக் கைதட்டினார்.

"பிரமாதம்! இனி நம் ஊர் வழக்கம் ஒன்றுதான் பாக்கி, மகாராஜா."

"என்ன வழக்கம்?"

"பாலம் கட்டியவர், முதல் யானை கடக்கும்போது பாலத்துக்கு அடியில் நிற்பாரே! அதே மாதிரி முதல் இடைவேளையில் தளவாயும் பிள்ளையோடு பிள்ளையாக ஓடி ஆடட்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா.

தளவாய்க்கு வியர்த்துக் கொட்டியது. படத்தை வெடுக்கென்று பிடுங்கினார். "இந்த ஊஞ்சல்... கொஞ்சம் ஓரமாக, வேப்பமரத்துப் பக்கம் போகட்டும்."

"ஏன்? அழகாகத்தானே இருக்கிறது?" என்றார் தாண்டவராயர்.

"சும்மா இருமய்யா! அடியில் கல் வேண்டாம். ஆற்று மணல் கொட்டச் சொல்லும், நிறைய!"

"சறுக்குமரம்?"

"மதிலை விட்டுத் தள்ளி! பெரிய பையன்களுக்குப் பந்தாட்டம் அந்தக் கோடியில். முட்டித் தள்ளிவிடுவார்கள், தடியன்கள்! ஐயோ, இந்த ஊஞ்சலையே எடுத்துவிட்டால் என்ன?"

"ஊஞ்சல் இல்லாமல் ஒரு திடலா? நடக்காது!" என்றார் ராஜா.

திறப்பு நாள் வந்தது. மணி அடித்தது. தளவாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைகளுக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. உப்பரிகையில் ராஜா காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு!

மறுபடி மணி. பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குள் போயாயிற்று. ஆனால் ஒரு ஊஞ்சல் மட்டும் கிரீச் கிரீச்சென்று ஆடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், தலைப்பாகை அவிழ்ந்து தொங்க, தளவாய்!

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயர் கழுத்தில் போட்டார்.

தாண்டவராயர் மேலிருந்து குரல் கொடுத்தார். "தளவாயாரே! இந்த இடத்தில் லாயம் கட்டிவிடலாமா?"

"குதிரை கிடக்குது, விடுமய்யா! கீழே வந்து என்னைக் கொஞ்சம் தள்ளிவிடும்!"