காக்காய் சொன்னது என்ன

அந்தக் காலத்தில் காக்காய்களுக்கும் நமக்கும் ஒரே பேச்சுதான். "உங்க மாடு வாழைக்குள்ள நுழைஞ்சிருச்சு, ஓடுங்க" என்று மரத்திலிருந்து சொன்னால், அத்தனை பேரும் வாழைக்கு ஓடுவார்கள். அப்படியா இப்படியா என்று யாரும் முழித்ததில்லை.

ஆனால் காக்காய்க்கு ரகசியம் பேசத் தெரியாது. திருடப் போகும்போதும் ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் திருடும்.

கடற்கரையில் முத்துநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கலியன் கட்டுமரத்தில் போய்ப் பிடித்துவரும் நெத்திலியை ஓலைப்பாயில் காயப்போடுவது அவள் வேலை. பாயைச் சுற்றி எப்போதும் காக்காய்கள்.

"நான் இந்தப் பக்கம் நொண்டி மாதிரி நடக்கேன். அவ என்னை விரட்ட வருவா. நீ அந்தப் பக்கம் அள்ளு" என்று ஒன்று இன்னொன்றிடம் சொல்லும். முத்துநாச்சி நொண்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். நேரே அந்தப் பக்கம் போய் நிற்பாள்.

"இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று இரண்டும் திகைக்கும்.

கலியனுக்குக் காக்காய்கள்மேல் கோபம் கிடையாது. கரையேறியதும், வலையில் நசுங்கிய மீனைச் சாம்பக்கழுத்தி என்ற தாய்க் காக்காய்க்குப் போடுவான். "ஏட்டி, பிள்ளைக்குக் கொண்டு போ" என்பான்.

"உங்களுக்கென்ன, நீங்க கடலுக்குப் போயிருதீக. விரட்டி விரட்டி என் காலுல்லா தேயுது" என்பாள் முத்துநாச்சி.

ஒருமுறை மீன்பாடு ரொம்பக் குறைந்துவிட்டது. பாயில் கிடந்ததே கொஞ்சம். அன்றைக்குப் பார்த்துச் சாம்பக்கழுத்தியின் பிள்ளை பனைமரத்திலிருந்து, "அம்மா, அவ கஞ்சி குடிக்க உள்ள போனதும் நான் எறங்குதேன்" என்று கத்தியது.

முத்துநாச்சி உள்ளே போவதுபோல் போய், கதவுக்குப் பின்னால் பழைய வலையோடு நின்றாள். பிள்ளை இறங்கியது. வலை விழுந்தது. அதைக் காலில் கட்டிக் கம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். மற்றதுகளுக்குப் பயம் வரட்டும் என்றுதான் செய்தாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

"அம்மா, தண்ணி" என்று அது கத்தியது. வானம் கறுக்கக் காக்காய்கள் கூடின.

"ஏட்டி, அவுத்து விடு. வெயிலு கொதிக்கி" என்றாள் பக்கத்து வீட்டுச் சீரங்கி.

"இந்தா, மீனை வாரிட்டு அவுக்கேன்."

மீனை வாரி முடிப்பதற்குள் கம்பில் சத்தம் நின்றுவிட்டது.

காக்காய்கள் எல்லாம் பனங்காட்டில் கூடி அழுதன. அழுது ஓய்ந்ததும் கிழட்டுக் காக்காய் ஒன்று சொன்னது: "பிள்ளைய வலை கொல்லல. நம்ம வாய்தான் கொன்னுது. இனிமே மனுஷங்க காதுல 'கா' ஒண்ணுதான் விழணும். நீட்டுனா ஒண்ணு, வெட்டுனா ஒண்ணு, தொண்டைக்குள்ள உருட்டுனா வேற ஒண்ணு. நமக்குள்ள நூறு பேச்சு. அவங்களுக்கு ஒரே சத்தம். தலையாட்டிக் காட்டக்கூடாது, றெக்கையால காட்டக்கூடாது."

எல்லாம் சத்தியம் செய்தன. சாம்பக்கழுத்தியும் செய்தது.

மறுநாள் ஊரே குழம்பிப்போனது. "காக்காய்க்கெல்லாம் தொண்டை கட்டிக்கிட்டா?" என்று கேட்டார்கள். ஒருவர் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தும் பார்த்தார்.

அன்றைக்குக் கலியன் கடலில் இருந்தான். வானம் பளிச்சென்று இருந்தது. மத்தியானம் சாம்பக்கழுத்தி வந்து முத்துநாச்சியின் கூரையில் உட்கார்ந்தது. இத்தனை நடந்த பிறகு அது ஏன் வருகிறது? அவள் முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள்.

"தாயி, சாகடிக்கணும்னு செய்யல. அவுகளுக்கு ஏதாச்சுமா? சொல்லு."

"கா" என்றது. பிறகு வெட்டி வெட்டி மூன்று. பிறகு நீளமாக ஒன்று.

"காத்து வருதா?"

"கா."

"அவுக வாராகளா?"

"கா."

சீரங்கி ஓடிவந்தாள். "நல்ல சேதிதாம்ட்டி. குரலு குளுமையா இருக்கு."

"குளுமையா? அடைச்சுல்லா இருக்கு! ஆளு வருதுங்குதா, ஆளு போச்சுங்குதா? ஏ தாயி, ஆமான்னா ஒருவாட்டி சொல்லு, இல்லன்னா ரெண்டுவாட்டி சொல்லு."

"கா, கா, கா" என்றது சாம்பக்கழுத்தி.

முத்துநாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். எதைச் செய்ய? எதை விட? பிறகு ஒன்றையும் விடவில்லை. அவன் வந்தால் பசிக்குமே என்று உலை வைத்தாள். காற்று வந்தால் கரை தெரியாதே என்று மணல்மேட்டில் காய்ந்த ஓலையைக் குவித்துத் தீ மூட்டினாள். உலையை ஊதிவிட்டு மேட்டுக்கு ஓடினாள். மேட்டிலிருந்து சோற்றுக்கு ஓடினாள். நடுவில் நின்று ஒரு பாட்டம் அழுதாள்.

"ஒண்ணு சமை, இல்ல அழு. ரெண்டையும் சேத்துச் செய்யுதியே" என்றாள் சீரங்கி. சொல்லிக்கொண்டே அவளும் ஓலை அள்ளிப் போட்டாள்.

பொழுது சாயும்போது காற்று திரும்பியது. மணல் பறந்து கடலை மறைத்தது. நெடுநேரம் கழித்து, தீயைக் குறிவைத்துக் கட்டுமரம் ஒன்று மோதிக் கரையேறியது. கலியன் இறங்கினான். பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர். கட்டுமரம் கவிழ்ந்து மிதந்தவர்களை இழுத்துப்போட்டு வந்திருக்கிறான்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாக்குவாதம் ஆரம்பித்தது. "காத்துன்னுதான் சொல்லியிருக்கு" என்றாள் முத்துநாச்சி. "விருந்தாளின்னு சொல்லியிருக்கு. ரெண்டு பேரு உக்காந்து திங்காகல்லா?" என்றாள் சீரங்கி.

"எதுக்குச் சண்டை? அதையே கேப்போம்" என்று கலியன் கூரையைப் பார்த்தான். "நீ என்னட்டி சொன்ன?"

"கா" என்றது சாம்பக்கழுத்தி.

முத்துநாச்சி இலையில் ஒரு கை சோறு எடுத்துக் கூரையில் வைத்தாள். சாம்பக்கழுத்தி சோற்றைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. சோற்றைத் தொடாமல் பனங்காட்டுப் பக்கம் திரும்பி நீளமாகக் கத்தியது. இனமெல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் வாய் வைத்தது. 'இவளை மன்னிச்சாச்சு, வாங்க' என்று கூப்பிட்டதா, 'இவளை நம்பாதீங்க, தனியாத் தின்னாதீங்க' என்று எச்சரித்ததா, கீழே நின்ற முத்துநாச்சிக்கு விளங்கவே இல்லை.

அன்று முதல்தான் காக்காய்க்குச் சோறு வைக்கிறவர்கள், வைத்த பிறகும் கொஞ்சம் நின்று, அது என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.