பூட்டிய நெல்லும் ஆறிப்போன இலையும்

முன்னே ஒரு காலத்தில் வெண்கரை நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை மேல் ஏற்றியவனை மாலையில் அதே யானையின் காலடியில் போடச் சொல்லுகிற ராஜா. சபைக்கு வருகிறவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு பயம் இருந்தது. அவன் அப்பா சாகும்போது கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். மத்தியானம் மணி அடித்து, "பசித்தவர் உண்டா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். யாராவது உண்டு என்றால் அவர் சாப்பிட்ட பிறகுதான் ராஜாவுக்குச் சோறு. "மீறித் தின்றால் அதுதான் உன் கடைசிக் கவளம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து மணிச்சத்தம் அடங்கும்வரை ராஜா இலையைத் தொடமாட்டான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கஜானா அதிகாரி கோதண்டராயர் மெதுவாக வந்து நின்றார். அமைச்சர் திருமேனியின் பெயரைக் கேட்டாலே இவருக்கு வயிறு எரியும். "மன்னா, கஜானாப் பொன் சும்மா தூங்குகிறது. நாட்டு நெல்லை எல்லாம் வாங்கிப் பூட்டுவோம். ஆடியில் விற்றால் ஒன்றுக்கு மூன்று!"

ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "அப்படியே செய்யும். என் முத்திரையை உடைக்கிறவன் தலை போகும். இதற்கு எதிராகப் பேசுகிறவன் தலையும் போகும். என்ன திருமேனி, ஏதாவது சொல்லப் போகிறீரா?"

திருமேனி எழுந்தார். கழுத்து யாருக்குத்தான் வேண்டாம்? "ஒன்றுமில்லை மன்னா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் கடைத்தெருவில் ஒரு படி அரிசி கிடையாது. "அரிசி இல்லை" என்று புலம்பிய ஒரு குயவரைக் கோதண்டராயரின் ஆட்கள் சவுக்கால் அடித்தார்கள். அதற்குப் பிறகு ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. மணி மட்டும் தினமும் அடித்தது. எங்கே தெரியுமா? யானைக் கொட்டாரத்துக்குள்ளே, சுவரைப் பார்த்து. கோதண்டராயரின் ஏற்பாடு அது. யானையா பதில் சொல்லும்? ராஜா இது தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

திருமேனி இதைக் கண்டுபிடித்தார். மறுநாள் சபையில், "மன்னா, எனக்கு வயதாகிவிட்டது. ஒரு மாதம் அந்த மணி அடிக்கிற வேலையைக் கொடுங்கள்" என்றார்.

"அமைச்சருக்கு ஏற்ற வேலைதான்!" என்று கோதண்டராயர் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

மத்தியானம் திருமேனி மணியோடு கொட்டாரத்துக்குப் போகவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போனார்.

"பசித்தவர் உண்டா?"

கதவுகள்தான் சாத்திக்கொண்டன. தெருமுனையில் சவுக்குக்காரர்கள் நின்றார்கள். இரண்டாம் தடவை கேட்டார். குழந்தை அழுகிற சத்தமும், அதன் வாயைப் பொத்துகிற சத்தமும் கேட்டன. இன்னும் ஒரே தடவைதான். யாரும் பேசாவிட்டால் நாளைக்கே கோதண்டராயர் மணியைப் பிடுங்கிவிடுவார், நெல் ஆடி வரைக்கும் பூட்டிக் கிடக்கும். அதுவரை இந்தத் தெரு இருக்காது.

"பசித்தவர் உண்டா?"

பாய் முடைகிற காத்தாயி வாசலுக்கு வந்தாள். சவுக்கைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். "உண்டு சாமி. மூணு நாளாச்சு."

சவுக்கு ஓங்கியது. "ராஜாவின் விருந்தாளி! தொட்டால் கை இருக்காது!" என்று திருமேனி கத்தினார். ஓங்கின சவுக்கு அப்படியே நின்றது. அவ்வளவுதான், சாத்தின கதவெல்லாம் திறந்தது. "எனக்கும் சாமி, எனக்கும்" என்று தெருவே அவர் பின்னால் நடந்தது.

அரண்மனைச் சோறு அறுபது பேருக்கு வந்தது. அப்புறம் பானையில் பருக்கை இல்லை. வாசலில் இன்னும் ஆயிரம் பேர். பொழுது சாய்ந்தது. ராஜாவின் இலையில் போட்டது போட்டபடி ஆறிப்போயிருந்தது.

"எனக்குப் பசிக்கிறது!" என்று ராஜா அலறினான். "அவர்களுக்குப் போட்டுத் தொலையுங்கள்!"

"எதைப் போட, மன்னா? நெல் களஞ்சியத்தில் இருக்கிறது. முத்திரையை உடைத்தால் தலை போகும். தங்கள் உத்தரவு" என்றார் திருமேனி.

கோதண்டராயர் துள்ளி எழுந்தார். "இது இவன் செய்த சதி! இவன் தலையை வாங்குங்கள். நீங்கள் சாப்பிடுங்கள் மன்னா, ஒரு கவளத்தில் என்ன ஆகிவிடும்?"

ராஜா சோற்றை எடுத்தான். கை வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. விரல் நடுங்கி இரண்டு பருக்கை கீழே விழுந்தன.

"ஒன்றும் ஆகாதா? அப்படியானால் என் சத்தியத்தை உம் தலையில் வாங்கிக்கொண்டு, இந்தக் கவளத்தை நீர் சாப்பிடும்" என்று கையை நீட்டினான்.

கோதண்டராயர் முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு... எனக்குப் பசியில்லை மன்னா."

ராஜா கவளத்தை இலையில் போட்டுவிட்டு அமைச்சரைப் பார்த்தான். "திருமேனி, உம் தலைக்கு நான் பொறுப்பு. பேசும்."

"மன்னா, ஊர் பட்டினி கிடந்தால்தான் உங்கள் பொன்னுக்கு லாபம். ஊர் சாப்பிட்டால்தான் உங்களுக்குச் சோறு. இரண்டில் ஒன்றைத்தான் ஆசைப்பட முடியும். இந்த லாபம் வேறு ராஜாவுக்குச் சரிப்படலாம். உங்கள் மனசு தாங்காது. உங்கள் கையே இப்போது சொல்லிவிட்டது."

ராஜா எழுந்து போய்த் தன் கையாலேயே முத்திரையை உடைத்தான். கடைசி ஆள் சாப்பிட்டபின் இலை முன்னால் உட்கார்ந்தான். "மிச்சப் பொன்னை எதில் போடலாம்?"

"ஏரிக்கரையை உயர்த்துங்கள். விளைச்சலில் பங்கு வரும்."

"எவ்வளவு வரும்?"

"கொஞ்சம்தான் வரும். அதுவும் மூன்று வருஷம் கழித்து. ஆனால் அதுவரை பயமில்லாமல் சாப்பிடலாம்."

ராஜா பாதிப் பொன்னை ஏரிக்குக் கொடுத்தான். தன் முத்திரை மோதிரத்தைத் திருமேனிக்கும், பத்துக் கலம் நெல்லைக் காத்தாயிக்கும் கொடுத்தான். மணியைக் கோதண்டராயரிடம் கொடுத்தான். தெருத்தெருவாகப் போய்க் கேட்க வேண்டும். ராஜா சாப்பிட்ட பிறகுதான் அவருக்குச் சோறு. மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, யாராவது "உண்டு" என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க, சவுக்கடி பட்ட அந்தக் குயவர் தினமும் வாசலுக்கு வருவார்.

அதற்குப் பிறகும் லாபக் கணக்கோடு ராஜாவிடம் எத்தனையோ பேர் வந்தார்கள். எவ்வளவு வரும் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. "இதில் போட்டால் மத்தியானம் என் கை நடுங்குமா?" என்றுதான் கேட்பான்.