மூன்று முத்திரை

குன்றூர் நாட்டின் பொருளமைச்சர் அந்துவனாருக்கு அறுபது வயது. அவருடைய குரு வெள்ளியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஏழு சீடர்களோடு ஒரு குடிலில் இருந்தாள். அமைச்சர் ஆண்டுக்கொருமுறை அங்கே வந்து இரண்டு நாள் தங்குவார். பதில் கிடைத்துத் திரும்பிய ஆண்டும் உண்டு, விறகு பிளந்துவிட்டுத் திரும்பிய ஆண்டும் உண்டு.

அந்தக் கார்த்திகையில் வந்தபோது எரிச்சலோடு வந்தார்.

வடக்குக் கணவாய்க் கோட்டையின் தலைவன் கொற்றன் நூறு பொன் கேட்டு ஓலை அனுப்பியிருந்தான். கோட்டைக் கதவின் கீல் முறிந்து, பாறாங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களாம். மூன்று காவலரில் ஒருவர் வில்லில்தான் நாண் இருக்கிறதாம். தை மாதம் அண்டை நாட்டுத் தூதர் அந்த வழியாக வரப்போகிறார். இளவரசியைப் பெண் கேட்டு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் வருகிறவர் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார் என்று கொற்றன் எழுதியிருந்தான்.

"போன ஆண்டும் நூறுதான் கேட்டான். அறுபது ஒதுக்கினேன்" என்றார் அமைச்சர். "அதில் பாதி செலவாகாமல் அப்படியே என்னிடம் திரும்பி வந்துவிட்டது. கொடுத்ததையே செலவழிக்கத் தெரியாதவனுக்கு மேலும் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

"சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்றாள் வெள்ளியம்மை.

அவர் கண்ணெதிரே இரண்டு படி அரிசி அளந்து ஒரு பானையில் கொட்டினாள். இது அமைச்சருக்கு என்றாள். பிறகு சமையல் பார்க்கும் சீடன் மாசாத்தனைக் கூப்பிட்டாள். அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு வாழையிலையில் மூன்று பேருடைய கரிக்குறி வாங்கி வரவேண்டும் என்று சொன்னாள். ஒருவர் தோட்டத்தில் இருந்தார். ஒருவர் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாமவள் மாடு மேய்க்க மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள்.

மாசாத்தன் இலையோடு போனான். தோட்டத்துக்காரர் குறி வைத்தார். ஓடையில் இருந்தவர் ஈரக்கையால் இலையை வாங்கிப் பார்த்து, முதல் குறி அழிந்திருக்கிறது, மறுபடி வாங்கி வா என்றார். மறுபடி வாங்கினான். நண்பகல் ஆயிற்று. அமைச்சர் மூன்று முறை தண்ணீர் குடித்தார். கொல்லையில் இருந்த கொய்யாவில் காய் எது, பழம் எது என்று பார்க்காமல் இரண்டைத் தின்றார். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்காரி வந்தாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது பகல் சாப்பாட்டுக்கு எழுதியது, இப்போது செல்லாது என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வெள்ளியம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அளந்து வைத்தது அப்படியே இருக்கிறதே. உங்களுக்கு அவ்வளவாகப் பசி இல்லை போலிருக்கிறது. நாளைக்குப் பாதி போதும், இல்லையா?"

அமைச்சருக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து வந்து தானும் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கோட்டைக்கும் மூன்று முத்திரைதான் வைத்திருக்கிறேன்."

நாணும் இரும்பும் விற்கும் வணிகர்கள் மார்கழியில் பத்து நாள் மட்டுமே கணவாய்ச் சந்தைக்கு வருவார்கள். வாங்க அனுமதி கேட்ட ஓலையில் களஞ்சியக்காரர் முத்திரையும் ஆயுதச்சாலைக்காரர் முத்திரையும் விழுந்து, போன ஆண்டு அமைச்சரின் முத்திரை விழுந்தபோது மாசி பிறந்துவிட்டது. சந்தைத் திடலில் அப்போது ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. இதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகுதான் மாசாத்தன் இன்னொரு பானையில் முன்பே வடித்து வைத்திருந்த சோற்றைக் கொண்டுவந்து போட்டான்.

மறுநாள் அமைச்சர் தங்கவில்லை. நேராகக் கணவாய்க்குப் போனார். அவர் உள்ளே வருவதற்காக நான்கு பேர் பாறாங்கல்லைத் தள்ளினார்கள். போதவில்லை. வெளியே நின்றபடி அமைச்சரும் கதவுக்குத் தோள் கொடுத்தார். உள்ளே வந்ததும் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொற்றனிடம் கொடுத்தார். இந்த ஆண்டுக்கும் ஒதுக்கிய அறுபது பொன்னுக்குள் யாரையும் கேட்க வேண்டாம், வாங்கியபின் எழுதினால் போதும் என்றார்.

கொற்றன் மோதிரத்தைப் பார்த்தான். நன்றி சொன்னான். ஆனாலும் அறுபது போதாது என்றான்.

"தெரியும். இப்போதுதான் தோளில் பட்டது" என்றார் அமைச்சர். மீதி நாற்பதையும் சேர்த்துக் கொடுத்தார்.

மார்கழிச் சந்தையில் நாணும் இரும்பும் வாங்கினார்கள். கொல்லர் இருவர் கோட்டையிலேயே உலை போட்டார்கள். தையில் நாற்பது குதிரைகளோடு தூதர் வந்தார். ஒரே காவலன் ஒரு கையால் கதவைத் திறந்ததைப் பார்த்தார். மதில்மேல் நின்ற அறுபது வில்லையும் பார்த்தார். எல்லாவற்றிலும் நாண் இருந்தது. அரண்மனைக்குப் போய்ப் பெண் கேட்டார். பெண்ணுக்கு இன்னும் வயதாகவில்லை என்று பதில் கிடைத்தது. விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே போனார். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. படை எதுவும் வரவில்லை. கொற்றனின் ஆட்கள் பொழுது போகாமல் கோட்டைக்குள் பூசணி போட்டார்கள்.

அடுத்த கார்த்திகையில் அமைச்சர் குடிலுக்கு வந்தார். வெள்ளியம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவையில் சிலர் தன்னைக் குடைகிறார்கள் என்றார் அமைச்சர். வாங்கிய நாணிலிருந்து ஓர் அம்புகூடப் பறக்கவில்லை. அண்டை நாட்டார் எப்படியும் படையெடுத்து வந்திருக்கமாட்டார்கள் என்றால் நூறு பொன் எதற்கு என்று கேட்கிறார்களாம்.

"எனக்கும் பதில் தெரியவில்லை அம்மையே. கோட்டையைப் பார்த்துத்தான் சும்மா இருந்தார்களா, இல்லை வருகிற எண்ணமே அவர்களுக்கு இல்லையா? இதை உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி?"

"அது எளிது" என்றாள் வெள்ளியம்மை. "இந்த ஆண்டு கதவைக் கழற்றி வையுங்கள். கேட்டவர்களைக் குடும்பத்தோடு அங்கே போய்க் குடியிருக்கச் சொல்லுங்கள். தைக்குள் தெரிந்துவிடும்."