பச்சையாகப் பழுத்த சாத்துக்குடி

வெயில் தணியவே தணியாத ஒரு காட்டில், முள்ளம்மா என்ற முள்ளம்பன்றி ஒரு சாத்துக்குடி மரம் வளர்த்தது. விதை போட்டதும் அதுதான், வாயில் தண்ணீர் சுமந்துவந்து ஊற்றியதும் அதுதான். மரமும் காய்த்துக் குலுங்கியது. என்ன பிரயோசனம்? முள்ளம்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாதே.

ஏறத் தெரிந்தது மலையாண்டி என்ற குரங்குக்குத்தான். பழம் பறிப்பது குரங்கின் வேலை, வேறு யாரும் மரத்தைத் தொடக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிப்போனது. முள்ளம்மாவின் குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன.

“மலையாண்டி அண்ணே, பழம் பழுத்தாச்சு. நாலு பறிச்சுப் போடுங்க,” என்றது முள்ளம்மா.

குரங்கு கிளையில் சாய்ந்தபடி சிரித்தது. “இதுவா பழம்? பச்சைப்பசேலென்று இருக்கிறதே. குளிர்ந்த மலையில் நான் தின்ற சாத்துக்குடி மஞ்சளாக இருந்தது. இதுவும் மஞ்சளாகட்டும், பறிக்கிறேன்.”

“அது குளிர்ல விளைஞ்சது. நம்ம வெயிலுக்குப் பச்சையாவேதான் பழுக்கும். மோந்து பாருங்க, வாசனை வருது. இன்னும் விட்டா சாறு வத்திச் சக்கையாயிடும்.”

“மலையைப் பார்த்தவன் நானா, நீயா?”

தினமும் இதே பேச்சு. எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரிதான். முள்ளம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் முள்ளே தன்னைக் குத்தும் என்று சும்மா இருந்தது.

ஒரு நாள் காலையில் உச்சிக் கிளையில் ஒரே ஒரு காய் மஞ்சளாகியிருந்தது.

“பார்த்தாயா? நான் சொன்னேனா இல்லையா?” என்று குதித்தது மலையாண்டி.

முள்ளம்மா அண்ணாந்து பார்த்தது. பழத்தின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை. பூச்சி துளைத்து வெம்பிய பழம் அது. சொல்ல வாயெடுத்தது. பிறகு, ‘இத்தனை நாள் சொல்லி என்ன கண்டோம்?’ என்று விழுங்கிக்கொண்டது.

“ஆமாண்ணே, நீங்க சொன்னபடியே ஆயிடுச்சு. அந்த மஞ்சள் பழம் உங்களுக்கே. ஆனா இந்தப் பச்சைக் காயெல்லாம் மரத்துச் சத்தை உறிஞ்சுது. உதிர்த்துவிட்டா உங்க பழம் இன்னும் இனிக்குமே.”

“இப்போதுதான் உனக்குப் புத்தி வந்திருக்கிறது,” என்ற குரங்கு, கிளை கிளையாகத் தாவி உலுக்கியது. பச்சைப் பழங்கள் பொலபொலவென்று கொட்டின. முள்ளம்மா பல்லால் தோலைக் கிழித்துக் கிழித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. முயல்களும் மான்களும் ஓடிவந்தன. எல்லாம் சாறு வழிய வழியத் தின்றன.

“காயைத் தின்கிறீர்களே, பல் கூசவில்லையா?” என்று மேலேயிருந்து கேட்டது மலையாண்டி. வாய் நிறையப் பழத்தோடு எல்லாம் அடுத்த பழத்துக்குப் பாய்ந்தன.

மரம் மொட்டையானதும், குரங்கு தன் மஞ்சள் பழத்தைப் பறித்து ஆசையாகக் கடித்தது. உள்ளே புழு நெளிந்தது. தூ தூவென்று துப்பிவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால், வெறும் தோல்தான் கிடந்தது.

“முள்ளம்மா, எனக்கு ஒன்றுகூட மிச்சமில்லையா?”

“இருந்ததெல்லாம் காய்தானே அண்ணே,” என்றது முள்ளம்மா. “அதை நீங்க தொடமாட்டீங்களே.”

நீதி: மலையில் கண்ட நிறத்தைக் காட்டில் தேடுகிறவனுக்குப் புழுதான் மிச்சம்.