அழுங்கம்மாவுக்கு எந்தக் குகை?

ஒரு ஊர்ல ஒரு ஓணான் இருந்துச்சாம். ஏய் பவளக்கொடி, ம் போடு! மாமன் தொண்டை கிழியச் சொல்லுவேன், நீ மகாராணி கணக்கா படுத்திருப்பியா? ஒரு வரிக்கு ஒரு ம். பேரமே கிடையாது.

"ம்."

அந்த ஊர்ல சோன்னு மழை. ஆறு பொங்கி வருது. முதுகெலும்பு உள்ள உசுரெல்லாம் மலைக்கு ஓடுச்சு. அங்க அஞ்சு குகை. குளம் இருந்த குகை மீனுக்கு. சொதசொதன்னு இருந்தது தவளைக்கு. அப்புறம் பாம்பு, ஆமைக்கு ஒண்ணு, பறவைக்கு ஒண்ணு, குட்டிக்குப் பால் குடுக்கிறதுங்களுக்கு ஒண்ணு. யார் எங்க போகணும்னு சொல்ல ஓணானை நிறுத்தினாங்க. ஏன்னா எதைக் கேட்டாலும் தலையாட்டுமில்ல? அதைவிடப் பெரிய தகுதி என்ன வேணும்!

அப்போ ஒரு அழுங்கு வந்துச்சு. அதான், எறும்பு தின்னுமே, உடம்பெல்லாம் ஓடு ஓடா செதிலு, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அது. வால் மேல குட்டி. பசியில "கீ... கீ..."ன்னு கத்துது. இருட்டினா குகையை அடைச்சிடுவாங்க. வெளிய நின்னா குட்டி விறைச்சுப் போயிடும்.

"ஐயா, எங்களுக்கு எந்தக் குகைங்க?"

ஓணான் ஒரு பார்வை பாத்துச்சு. "செதில் இருக்கா? மீன். போ."

தொபுக்! தண்ணியில விழுந்து களக் களக்னு முழுங்குது. ஒரு கெண்டை வந்து, "செவுள் எங்கம்மா?"ன்னுது.

"இல்லீங்க."

"செத்துத் தொலையாத. மேல ஏறு!"

அப்புறம் திரும்பி வந்துச்சு. ஓணான் யோசிச்சுதாம். யோசிக்க என்ன இருக்கு அந்தத் தலையில! "தண்ணியிலயும் இருந்த, தரையிலயும் நிக்கிற. தவளை. போ."

தவளை கொர்ருன்னு சிரிச்சுது. "எங்க தோல் ஈரமா வழவழன்னு இருக்கும். நீ தகரக் கொட்டகை மாதிரி இருக்கியே! உன் பிள்ளைக்கு வால் எப்ப மறையும்?"

"மறையாதுங்க. அதுக்கு வால் கடைசி வரைக்கும் இருக்கும்."

"அப்ப கிளம்பு!"

ம் எங்கடி?

"...ம்."

மூணாவது தடவை ஓணான், "செதிலும் இருக்கு, தரையிலயும் இருக்கு. பாம்புக் குகை. இனி வராத"ன்னுடுச்சு.

சாரைப்பாம்பு மரியாதையாத்தான் பேசுச்சு. "வாங்க. எங்க பிள்ளைங்க முட்டைய விட்டு வந்ததும் தானே பொழச்சுக்கும். தாய் கூட இருக்கிற பழக்கமில்ல. குட்டிய வெளிய விட்டுட்டு உள்ள வாங்க."

குட்டிய விடுறதா? அழுங்கம்மா குட்டிய வயித்துல வச்சு சுருக்குன்னு சுருண்டுச்சு. நானா இருந்தா அந்த ஓணான் வாலைப் பிடிச்சு சுழட்டியிருப்பேன்! அது சாது, பாவம். சரிவுல கடகட கடகடன்னு உருண்டுச்சு. வழியில கொக்கு எட்டிப் பாத்து, "இறகு இல்ல, நம்மாளில்ல"ன்னு கழுத்தை இழுத்துக்கிச்சு.

கடைசிக் குகை வாசல்ல வந்து முட்டி நின்னுச்சு. அங்க ஒரு வெள்ளாடு குட்டிக்குப் பால் குடுத்துட்டு இருந்துச்சு. சப்... சப்... அந்தப் பந்துக்குள்ளயும் அதே சத்தம். சப்... சப்...

ஆடு காதைத் தூக்குச்சு. "உள்ள வா தாயி."

ஓணான் ஓடி வந்துச்சு. "அதெப்படி? செதில் இருக்கு!"

"செதிலைப் பாத்தியே, வயித்துல முடி இருக்கே, பாத்தியா? உடம்பு கதகதன்னு சூடா இருக்கே, தொட்டியா? பால் குடுக்கிறா. இன்னும் என்ன வேணும் உனக்கு, கொம்பா?"

ஓணான் தலையாட்டுச்சு. வேற என்ன தெரியும்?

அப்போ இருட்டிடுச்சு. டமால் டமால்னு குகையெல்லாம் அடைக்கிறாங்க. ஓணான் மட்டும் மழையில. பாம்புக் குகையைத் தட்டுச்சு.

"யாருப்பா?"ன்னுது சாரை.

"அதிகாரி."

"அதுக்குன்னு இங்க குகை இல்லையே. உனக்குச் செதில் இருக்கா?"

"...இருக்கு."

"உங்கம்மா முட்டை போட்டாளா?"

"போட்டா."

"குளிர்ல விறைக்கிறியா?"

"க்... க்... விறைக்கிறேன்."

"எங்காளுதான்டா நீ. அழுங்கம்மாகிட்ட இதைக் கேக்க உனக்கு வாய் வரலியே! உள்ள வா."

ஓணான் தலையை ஆட்டிக்கிட்டே உள்ள போச்சு. கீழ கடைசிக் குகையில ரெண்டு குட்டியும் ஒண்ணா சப்... சப்...

பவளம்? ம் வரலியே. சரி போ, பாக்கி ம்மைத் தள்ளுபடி பண்ணிட்டேன். கதையை அடைச்சாச்சு, நீயும் கண்ணை அடைச்சுக்க.